இடது இறக்கைக்குள் ஒரு பெயர்

ஸ்போகேன்
1943 மார்ச் 7

அன்புள்ள கோராவுக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் இருமல் விட்டதா? அந்த ஊர் மழைக்கு உனக்கு விடாது என்றுதான் நினைக்கிறேன். தேனில் வெங்காயம் ஊறப்போட்டுக் குடி. எனக்கு முழங்கால் வலி. அது எப்போதும் இருப்பதுதான், கேட்காதே.

அணைக்கட்டு ஊரை விட்டு வந்துவிட்டேன். அணையைக் கட்டி முடித்துவிட்டார்கள், ஆட்கள் கலைந்துவிட்டார்கள். சமையல்கூடத்தில் உருளைக்கிழங்கு உரித்துப் போட ஆளில்லை. என் பிள்ளை எமிலை அந்தக் கல்லறைக் குன்றின்மேல் தனியாக விட்டுவிட்டு வர மூன்று வருஷம் எனக்கு மனசு வரவில்லை. இப்போதும் வரவில்லை. ஆனாலும் வந்துவிட்டேன்.

இங்கே அலுமினிய ஆலையில் சேர்த்துக்கொண்டார்கள். பெண்களையும் எடுக்கிறார்கள். படிப்பு கேட்கவில்லை, கையைத்தான் பார்த்தார்கள். நீளமான கொட்டகை. இரண்டு பக்கமும் வரிசையாகத் தொட்டிகள். ஒவ்வொன்றும் நம் அப்பாவின் கோதுமை வண்டி அளவு இருக்கும். அதில் வெள்ளைப் பொடியைக் கொட்டி மின்சாரத்தை விடுகிறார்கள். பொடி உருகி அடியில் அலுமினியம் தங்குகிறது. மேலே ஏடு கட்டும். அதைக் கம்பியால் குத்தி உடைப்பது என் வேலை. தரை சுடுவதால் கட்டை அடித்த செருப்பு போட்டுக்கொள்கிறோம்.

அந்த மின்சாரம் இரும்பை இழுக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் நாள் தொட்டி அருகே போனதும் என் கொண்டை ஊசிகள் எல்லாம் தலையில் எழுந்து நின்றுவிட்டன. ஃபோர்மன், "என்னம்மா, தலைல முள்ளம்பன்றிய கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன். இப்போது தலைமுடியைச் செருப்புக் கயிற்றால் கட்டிக்கொள்கிறேன்.

அவரிடம்தான் கேட்டேன், இந்த ஆலையை ஏன் இந்தப் பொட்டல்காட்டில் வைத்தார்கள் என்று. அவர் சொன்னார்: "அலுமினிய மண்ணு இங்க கெடையாது, அது தெற்கேருந்து ரயில்ல வருது. விமானம் இங்க கெடையாது, அது கடலோரத்துல செய்யறாங்க. இங்க இருக்கறது ஆறு ஒண்ணுதான். அணையில கரண்ட் மலிவுன்னு எல்லாம் ஆத்தத் தேடி வந்துச்சு. அணை கட்டறப்போ என்ன சொன்னாங்க, ஞாபகம் இருக்கா? இவ்வளவு கரண்ட யாரு வாங்குவா, காட்டு முயலுக்கா விப்பீங்கன்னு. இப்போ ஆலைக்கே பத்தல."

அதிலிருந்து ஒரே நினைப்பு எனக்கு. ஆற்றில் அணை போட்டார்கள். எமில் அதிலிருந்து விழுந்தான். அந்த அணையின் மின்சாரம் கம்பி வழியாக என் தொட்டிக்கு வருகிறது. நான் எடுத்துக் கொடுப்பது தகடாகி உன்னிடம் வருகிறது. நீ அதை இறக்கையாக்குகிறாய். அது மேலே போகிறது. எல்லாம் மேலே போகிறது, அவன் ஒருவன்தான் கீழே போனான்.

இறக்கையை மூடுவதற்கு முன் பெண்கள் உள்ளே பெயர் எழுதிவிடுவார்கள் என்று போன வருஷம் எழுதியிருந்தாய். உன் ஜோடி மேபல் கூடத் தன் புருஷன் பெயரை எழுதினாள் என்றாய். கோரா, எமில் பெயரை ஒரு தடவை எழுதுவாயா? பெரிதாக வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா,
வெல்டா


சியாட்டில்
மார்ச் 21

அக்காவுக்கு,

கோரா எழுதுவது. இருமல் போய்விட்டது, பதிலுக்குக் காது அடைத்துக்கொண்டது. நாள் முழுக்கக் காதருகே ரிவெட் ஆணி அடிக்கும் துப்பாக்கி. வீட்டுக்கார அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் கையை ஆட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. உன் முழங்காலை நான் கேட்கவில்லை, கேட்காதே என்றாய்.

முள்ளம்பன்றியை மேபலிடம் சொன்னேன். "ஒங்கக்காவ இங்க அனுப்புடி, கீழ விழுந்த ரிவெட்டெல்லாம் தலையாலயே பொறுக்கிரலாம்" என்றாள். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது என்று அவளுக்கும் தெரியும். சும்மா வாயாடுவாள்.

நான் இறக்கைக்கு வெளியே நின்று அடிப்பேன், அவள் உள்ளே படுத்துக்கொண்டு இரும்புக் கட்டையால் அண்டை கொடுப்பாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது, பேசினாலும் கேட்காது. அதனால் தட்டுதான். அவள் ஒரு தட்டு தட்டினால் சரி என்று அர்த்தம். இரண்டு தட்டினால் மறுபடி அடி. புருஷன் பெண்டாட்டிக்கும் இப்படி வைத்துவிட்டால் பாதிச் சண்டை குறையும் என்கிறாள்.

இப்போது எங்கள் தொழிற்சாலைக் கூரைமேல் ஒரு ஊர் இருக்கிறது தெரியுமா? எதிரி விமானம் மேலிருந்து பார்த்தால் தெரியக்கூடாது என்று வலையைக் கட்டி அதன்மேல் வீடு, தெரு, மரம் எல்லாம் செய்து வைத்திருக்கிறார்கள். வீடு ஆளுயரம்தான். மரத்துக்குக் கோழி இறகில் சாயம் பூசியது. ஒரு நாள் மதியம் மேலே போய் அந்தத் தெருவில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டோம். டகோட்டாவில் நம் வீட்டைவிட அங்கே மரம் அதிகம், அக்கா.

நீ கேட்டதைப் பார்க்கிறேன். ஆய்வாளர்கள் இப்போது கெடுபிடி செய்கிறார்கள்.

வேளைக்குச் சாப்பிடு. 
அன்புடன்,
கோரா


ஸ்போகேன்
ஏப்ரல் 11

அன்புள்ள கோராவுக்கு,

உன் காது எப்படி இருக்கிறது? எனக்கு முழங்காலோடு இப்போது தோளும் சேர்ந்துகொண்டது. கம்பி கனம், தொட்டிப் பக்கம் போனால் இன்னும் கனம், மின்சாரம் அதைப் பிடித்து இழுக்கிறது. நாள் முழுக்க யாரோடோ கம்பியைப் பறித்துக்கொண்டிருப்பது போல இருக்கிறது.

ஒரு வீட்டில் அறை எடுத்திருக்கிறேன். கூட ஒரு பெண் இருக்கிறாள், ரெட்டா என்று பெயர். பக்கத்து ஆலையில் அலுமினியத்தைத் தகடாக உருட்டுகிறார்களே, அங்கே வேலை. சின்ன வயசு, சத்தமாகச் சாப்பிடுவாள், மற்றபடி நல்லவள்.

அவளிடம் எமிலைப் பற்றிச் சொன்னேன். அவளும் அதையேதான் கேட்டாள். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். "கான்கிரீட்டுக்குள்ளயே இருக்காராமே?" இல்லை. அவன் உடம்பை எடுத்துவிட்டார்கள், குன்றின்மேல் புதைத்தோம், நீ வந்திருந்தாய். தொப்பி மட்டும் கிடைக்கவில்லை. எத்தனை பேருக்குச் சொல்வது.

அதற்குப் பிறகு ரெட்டா "ஒங்க பையன்" என்கிறாள். ஃபோர்மனும் "ஒங்க பையன்" என்றுதான். சர்ச்சில் "அந்தப் பிள்ளை" என்பார்கள். என் மனசு நோகக்கூடாது என்று செய்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் மூன்று வருஷமாக எமில் என்று ஒருத்தர் வாயிலிருந்தும் நான் கேட்கவில்லை. நானும் சொல்வதில்லை. அறையில் தனியாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், யாரையோ கூப்பிடுவது போல இருந்தது, விட்டுவிட்டேன்.

அவன் சமையல்கூடத்துப் பின்வாசலுக்கு வந்து ரொட்டியும் சாறும் வாங்கிக்கொண்டு படியிலேயே உட்காருவான். தபால் விமானம் பள்ளத்தாக்கின் மேல் வரும் நேரம் அது. வாயில் ரொட்டியோடு அண்ணாந்து பார்ப்பான். "அம்மா, நான் ஒரு நாள் அதுல போவேன், கீழருந்து நீ ஒரு எறும்பாத் தெரிவ" என்பான். "மொதல்ல மென்னு முழுங்கு" என்பேன். நான் சொன்ன பதில் அவ்வளவுதான்.

எழுதினாயா?

உன் அக்கா,
வெல்டா


சியாட்டில்
ஜூன் 6

அக்காவுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. வாரம் ஏழு நாளும் வேலை. உன் இரண்டு கார்டும் கிடைத்தன. நான் நலம்.

ஏப்ரல் கடைசியில் சண்டைக்குப் போய் வந்த ஒரு விமானத்தை எங்களுக்குக் காட்டக் கொண்டுவந்தார்கள். பேண்டு வாசித்தார்கள். எல்லோருக்கும் அரை மணி நேரம் விடுமுறை.

எழுதிவிட்டேன், அக்கா. வியாழக்கிழமை. இடது இறக்கைக்குள், நுனிப் பக்கம். எமில் என்று மட்டும். பென்சிலால் எழுதினேன். மேபல் உள்ளே விளக்கைப் பிடித்துக்கொண்டாள். இனி நீ நிம்மதியாக இரு.

சர்க்கரைக் கூப்பன் இரண்டு இதோடு வைத்திருக்கிறேன். நான் காப்பிக்குச் சர்க்கரை போடுவதை விட்டுவிட்டேன்.

அன்புடன்,
கோரா


ஸ்போகேன்
ஜூன் 10

அன்புள்ள கோராவுக்கு,

கடிதம் வந்தது. நீ நன்றாயிருக்க வேண்டும். மேபலும் நன்றாயிருக்க வேண்டும், அவள் புருஷன் கடலிலிருந்து முழுசாகத் திரும்பட்டும்.

உன் கடிதத்தை ஃபோர்மனிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு என் கம்பியை வாங்கிக்கொண்டார். "போய்ப் பத்து நிமிஷம் வெளிய நில்லுங்கம்மா, வானத்தப் பாத்துட்டு வாங்க" என்றார். போய் நின்றேன். எதுவும் பறக்கவில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டு நின்றேன். முழங்கால் வலி அந்தப் பத்து நிமிஷம் ஞாபகத்துக்கு வரவில்லை.

அன்று படுத்தவள் விடியும்வரை எழுந்திருக்கவில்லை. அவன் போனதிலிருந்து அப்படித் தூங்கினதில்லை.

சர்க்கரைக் கூப்பனில் ரெட்டாவுக்கும் எனக்கும் ஆப்பிள் பை சுட்டேன். நீ காப்பிக்குச் சர்க்கரை போட்டுக்கொள். பிடிவாதம் செய்யாதே.

உன் அக்கா,
வெல்டா


ஸ்போகேன்
ஜூன் 20

கோராவுக்கு,

நலம் விசாரிக்கக் கூட இன்று கை ஓடவில்லை, மன்னித்துக்கொள்.

நேற்று நான் ஆலையிலிருந்து ஒரு தகட்டுத் துண்டு எடுத்துவந்தேன். குப்பைக்குப் போக இருந்தது, கேட்டுத்தான் எடுத்தேன். அதில் பென்சிலால் எமில் பிறந்த நாளை எழுதிச் சுவரில் மாட்டலாம் என்று உட்கார்ந்தேன். ரெட்டா பார்த்துவிட்டு, "ஐயோ, பென்சிலா? எங்க ஆலைல இத செஞ்சா சீட்டக் கிழிச்சி வீட்டுக்கு அனுப்பிருவாங்க" என்றாள். ஏன் என்றேன். பென்சில் கரி அலுமினியத்தில் பட்டால் ஈரம் சேர்ந்ததும் அந்தக் கோட்டோடு உலோகத்தைத் தின்ன ஆரம்பிக்குமாம். மேலே ஒன்றும் தெரியாதாம். ஒரு நாள் அந்தக் கோட்டிலேயே விரிசல் விடுமாம். அவர்கள் மெழுகுக் கிரேயானால்தான் குறிப்பார்களாம். பென்சிலைச் சட்டைப் பையில் வைத்திருந்தாலே திட்டுவார்களாம்.

துண்டைக் கீழே வைத்துவிட்டேன்.

கோரா, உனக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? ஒருவேளை கிரேயானைத்தான் பென்சில் என்று எழுதிவிட்டாயா? உடனே பதில் போடு.

வெல்டா


சியாட்டில்
ஜூன் 27

அக்காவுக்கு,

நலமா? இங்கே மூன்று நாளாக மழை இல்லை. மேபல் முதுகு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் வரவில்லை. வேறு ஒருத்தி வந்தாள், அவளுக்குத் தட்டத் தெரியவில்லை. ஒன்றா இரண்டா என்று புரியாமல் அன்று பாதி ரிவெட்டைத் துளைத்தெடுத்து மறுபடி போட்டோம்.

நீ கேட்டதைப் பற்றி வீணாக மனசைக் கெடுத்துக்கொள்ளாதே. நான் யார் பெயரும் சொல்லாமல் ஒரு ஆய்வாளரிடம் கேட்டுப் பார்த்தேன், பென்சில் கீறல் தகட்டைத் தின்ன எத்தனை நாள் ஆகும் என்று. "ரெண்டு வருஷம் ஆகலாம், மூணு வருஷம் ஆகலாம்" என்றார். அப்புறம், "அதுக்கு ஏன் கவலப்படுற? அவ்வளவு நாள் எது இருக்கப் போவுது" என்றார். சொன்னதும் அவர் முகமே ஒரு மாதிரி ஆகிவிட்டது. தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதனால் நீ கவலைப்பட ஒன்றுமில்லை. தோளுக்கு ஒத்தடம் கொடு.

அன்புடன்,
கோரா


ஸ்போகேன்
ஜூலை 1

அன்புள்ள கோராவுக்கு,

மேபல் முதுகு தேவலையா?

கிரேயானா பென்சிலா என்று கேட்டேன். நீ அதற்குப் பதில் எழுதவில்லை.

உன் ஆய்வாளர் சொன்னதை மூன்று தடவை படித்தேன். அவர் பொய் சொல்லவில்லை என்று தெரிகிறது. அந்த விமானத்தில் பத்துப் பேர் போவார்கள் என்று நீதான் முன்பு எழுதியிருந்தாய். எல்லோருக்கும் எமில் வயசுதான் இருக்கும். கொஞ்ச நாள்தான் இருப்பார்கள் என்பதற்காக, அந்தக் கொஞ்ச நாளில் ஒரு நாள் நம்மால் குறையலாமா? இரண்டு வருஷம் என்பது அவர் கணக்கு. கடல் காற்றில், மழையில் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்.

நான் கேட்டது அவன் ஒரு தடவை மேலே போகட்டும் என்றுதான். பத்துப் பேரைக் கீழே இழுக்கச் சொல்லவில்லை. ஒருவன் விழுந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அணையில் விசில் ஊதினதும் சமையல்கூடத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் கையிலிருந்ததைக் கீழே வைத்தோம். பதினாறு பேர். யார் வீடு என்று வந்து சொல்லும்வரை ஒருத்தியும் மற்றவள் முகத்தைப் பார்க்கவில்லை. என்னிடம் வந்ததும் மற்ற பதினைந்து பேரும் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அவர்கள்மேல் தப்பில்லை.

உன் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடு. பெயர் போனால் போகட்டும், அந்தத் தகட்டைக் கழற்றட்டும். உனக்குப் பயமாக இருந்தால் நான் எழுதுகிறேன். திங்கட்கிழமை தபால்வரை பார்ப்பேன்.

உன் அக்கா,
வெல்டா


ஸ்போகேன்
ஜூலை 6

இறக்கைப் பிரிவு மேற்பார்வையாளர் ஐயா அவர்களுக்கு,

ஐயா நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாவதுவரைதான் படித்தேன்.

நான் உங்களிடம் ரிவெட் வேலை செய்யும் கோரா ஹெக்லண்டின் அக்கா. எனக்கு எமில் என்று ஒரு பையன் இருந்தான். பத்தொன்பது வயசில் அணை வேலையில் தவறிவிட்டான். அவன் பெயரை ஒரு இறக்கைக்குள் எழுதச் சொல்லி நான் கோராவைக் கெஞ்சினேன். ஜூன் மூன்றாம் தேதி வியாழக்கிழமை அவள் எழுதினாள். இடது இறக்கை, நுனிப் பக்கம். பென்சிலால் எழுதிவிட்டாள். அது உலோகத்தைத் தின்னும் என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது. நான் அலுமினிய ஆலையில் தொட்டி வேலை பார்க்கிறேன், அதனால் தெரியவந்தது.

தயவுசெய்து அதைத் தேடிக் கழற்றிவிடுங்கள். கேட்டது நான். என் தங்கை நல்ல வேலைக்காரி. தகட்டுக்கு விலை இருந்தால் என் சம்பளத்தில் எடுத்துக்கொள்ளச் சொல்லி எங்கள் ஆலைக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
வெல்டா ஓஸ்ட்பி


சியாட்டில்
ஜூலை 15

அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வேலை போகவில்லை. ஆள் பற்றாக்குறை, அதனால் போகவில்லை. கூட்டித் தள்ளும் குப்பையிலிருந்து ரிவெட் பொறுக்கி அளவு வாரியாகப் பிரிக்கும் மேஜையில் போட்டிருக்கிறார்கள். தலையால் அல்ல, கையால்.

சனிக்கிழமை காலை மேற்பார்வையாளர் ஸ்டாகர்ட் உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். மெஷின்களை நிறுத்தச் சொன்னார். அங்கே சத்தம் நின்று நான் கேட்டதே இல்லை. கடிதத்தை எல்லோருக்கும் முன்னால் படித்தார். திட்டுவதற்காகத்தான் ஆரம்பித்தார். பாதியில் அவர் குரல் இறங்கிவிட்டது. மேபல் என்னைப் பார்த்தாள். இறக்கைக்குள் எப்போதும் இருப்பது அவள்தானே, அவளுக்கே அப்போதுதான் தெரியும். கையிலிருந்த இரும்புக் கட்டையைக் கீழே வைத்தாள்.

அந்த வாரம் எங்கள் பிரிவைத் தாண்டின விமானங்களில் பதினாலு இன்னும் முற்றத்தில், புரொப்பெல்லருக்காகக் காத்து நின்றன. ஒல்லியாக இருந்த பெண்களைப் பொறுக்கி எடுத்து, ஆளுக்கொரு விளக்கும் இடுக்குகளைப் பார்க்கச் சின்னக் கண்ணாடியும் கொடுத்து, பழுது பார்க்க விட்டிருக்கும் திறப்பு வழியாக இடது இறக்கைக்குள் அனுப்பினார். "எமில்னு எழுதியிருக்கும். தேடுங்க. இல்லன்னா இல்லன்னு சத்தம் குடுங்க, நான் நம்பரக் குறிச்சிக்கிறேன்" என்றார்.

ஒவ்வொருத்தியாகப் போனார்கள். உள்ளேயிருந்து குரல் வந்தது. "எமில் இல்ல." அடுத்ததிலிருந்து, "எமில் இல்ல." ஒருத்தி, "இன்னும் கொஞ்சம் உள்ள போய்ப் பாக்கறேன், இருங்க... எமில் இங்கயும் இல்ல" என்றாள். அவள் உன்னைப் பார்த்ததில்லை, அவனைப் பார்த்ததில்லை. வெளியே வரும்போது முழங்கை சிராய்த்திருந்தது. "பாவம், கெடைக்கலயே" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

பதினாலாவதுக்கு ஸ்டாகர்ட் என்னைப் பார்த்தார். "நீயே போ. எடம் ஒனக்குத்தான தெரியும்?" போனேன். வயிற்றால் ஊர்ந்து நுனிவரை போனேன். என் பையில் கிரேயான் இருந்தது. யாரும் பார்க்கவில்லை. எழுதவில்லை, அக்கா. படுத்துக்கொண்டு, "எமில் இல்ல" என்று சொன்னேன். குரல் எழும்பவில்லை. வெளியிலிருந்து, "என்ன? சத்தமா" என்றார். சத்தமாகச் சொன்னேன். அது தகட்டில் பட்டுத் திரும்பி என் காதுக்கே வந்தது. அடைத்த காதுக்கும் கேட்டது.

வெளியே வந்தபோது ஸ்டாகர்ட் போன் இருந்த அறைக்கு நடந்துகொண்டிருந்தார். மீதி விமானங்கள் போய்ச் சேர்ந்த எல்லா விமானத் தளத்துக்கும் தந்தி கொடுத்து அத்தனையையும் இறக்கி நிறுத்தப் போகிறேன் என்றார். அப்போதுதான் ஓடிப்போய்ச் சொன்னேன். எழுதவே இல்லை என்று.

உனக்குப் பொய் எழுதினேன். அந்தக் கடிதம் எழுதும்போது என் கையில் பென்சில் இருந்தது, கையிலிருந்ததையே எழுதிவிட்டேன். பென்சில் ஆகாது என்று எனக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தது, அப்போது நினைவில் இல்லை. அப்புறம் நீ தூங்கினேன் என்று எழுதினாய். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வேன்?

ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். எழுதத்தான் போனேன். ஏப்ரலில் வந்ததே ஒரு விமானம், பேண்டு வாசித்தார்கள் என்று எழுதினேனே. குண்டு துளைத்து ஒட்டுப் போட்ட இடங்களை மேபல் எண்ணிப் பார்த்தாள். நூற்று நாற்பதுக்கு மேல் எண்ணிவிட்டு நிறுத்திவிட்டாள். அதன் இறக்கை ரிவெட்டில் பாதி நாங்கள் அடித்தது. அதை ஓட்டிவந்தவர்கள் மேடையில் நின்று கையசைத்தார்கள். நான்கு பேர். மீதி ஆறு பேர் எங்கே என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அதற்கு மறுநாள் கிரேயானை எடுத்துக்கொண்டு இறக்கைக்குள் போனேன். "எ" என்று தொடங்கக் கூடக் கை வரவில்லை. அவன் ஒரு தடவை விழுந்தது போதும் என்று தோன்றியது. இதை உனக்கு எழுதத் தெரியவில்லை, அதனால் மற்றதை எழுதினேன்.

என்னால் அரை நாள் நூறு பேர் வேலை நின்றது. ஸ்டாகர்ட், "பொய் சொல்றதுன்னா வலது இறக்கைன்னு சொல்லித் தொலச்சிருக்கலாம், அது நெழல் பக்கம், வெக்கையாவது கொறஞ்சிருக்கும்" என்றார். அவர் திட்டியது அவ்வளவுதான். உன் கடிதத்தைத் திருப்பித் தரவில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நீ எனக்கு இரண்டு தட்டு தட்டலாம். தட்டு. வாங்கிக்கொள்கிறேன்.

கோரா


ஸ்போகேன்
ஜூலை 25

அன்புள்ள கோராவுக்கு,

உன் காதை ஒரு டாக்டரிடம் காட்டு. நான் சொல்வதைக் கேள். எனக்குத் தோள் தேவலை, முழங்கால் அப்படியே.

கடிதம் வந்த அன்று உன்மேல் கோபம்தான் வந்தது. மூன்று நாள் இருந்தது. நான்காம் நாள் தொட்டியைக் குத்தும்போது பார்த்தேன், அது இல்லை. களைப்பு மட்டும்தான் இருந்தது. கோபத்தைச் சுமக்க இப்போது எனக்குத் தெம்பில்லை, கோரா. பத்துப் பேருக்கும் நம்மால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். ரெட்டாதான் கட்டைச் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

நீ எழுதாதது சரி. நான் கேட்டது தப்பு என்றும் சொல்லமாட்டேன். இரண்டும் அப்படியே இருக்கட்டும். உனக்கு ஒரு தட்டுதான்.

ஃபோர்மனிடம் இதையும் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றினார். அப்புறம், "அப்போ எமில் பதினாலு எறக்கைக்குள்ளயும் போயிட்டு வந்திருக்கான்" என்றார். எமில் என்றுதான் சொன்னார். ஒங்க பையன் என்று சொல்லவில்லை. நான் கம்பியை எடுத்துக்கொண்டு அடுத்த தொட்டிக்குப் போய்விட்டேன். அவர் முன்னால் நிற்க முடியவில்லை.

அந்தப் பதினாலும் இந்நேரம் புரொப்பெல்லர் மாட்டிக் கிளம்பியிருக்கும். அதில் போகிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

முழங்கை சிராய்த்ததே ஒரு பெண்ணுக்கு, அவளுக்குக் களிம்பு வாங்கிக் கொடு. என் பெயரைச் சொல்லிக் கொடு. அப்புறம் அடுத்த கடிதத்தில் ஒன்றை மட்டும் எழுது, மற்றதெல்லாம் மெதுவாக எழுதலாம். பொய் சேர்க்காமல் எழுது.

நீ கடைசியில் போனாய், உன்னைத்தான் சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். மற்ற பதின்மூன்று பேரும் அவன் பெயரை எப்படிக் கூப்பிட்டார்கள்? முற்றம் முழுக்கக் கேட்டதா?

உன் அக்கா,
வெல்டா